நகராத ஆரஞ்சு

ரேடியோவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடியது. எழுந்தால் ஜன்னல் கூப்பிட்டது. ஜன்னலுக்குப் போனால், கீழே சலவைக் கடை வாசலில் அந்த வெள்ளை ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது.

"சித்தி, அந்த ஜீப் துணி போட வந்ததா இருந்தா, இதுக்குள்ள துவைச்சு, தேய்ச்சு, மடிச்சே அனுப்பியிருப்பாங்க."

"ஜன்னலை மூடு. அப்படியே வாயையும் மூடு," என்றாள் சித்தி.

அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பேச ஆரம்பித்தால் அணைக்கும் பொத்தான் எங்கே என்று தெரியாததால் வந்த பெயர். சித்தி அவனுக்கு நிஜமாகவே சித்தி, அம்மாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளையும் பொய் சாவுகளையும் மோப்பம் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சலவைக் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். இப்போது ஊரே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டது. இன்ஸ்பெக்டர் உட்பட.

எதிரே உட்கார்ந்திருந்தவள் மருந்துக் கடை வைத்திருப்பவள். நாற்பது வயதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத முகம். கைப்பையின் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பினவர்தான். இன்னைக்கு வெள்ளி. போன் வீட்லயே கிடக்கு."

"போலீஸ்?"

"எழுதிக்கிட்டாங்க. 'நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் தானா வந்துடுவார், போங்கம்மா'ன்னு சிரிக்கிறாங்க."

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவர் மின் கட்டண அலுவலகத்தில் கணிப்பாளர். வருகிற வருஷங்களில் ஒரு வீட்டுக்குக் கரண்ட் செலவு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. ஊருக்கு மேலே ஆற்றில் ஒரு கம்பெனி சின்னதாக நீர்மின் நிலையம் கட்ட உரிமம் கேட்டிருந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கருத்துக் கேட்புக் கூட்டம் சனிக்கிழமை. அதில் பேச வேண்டியவர் ஆளையே காணோம். பேசாமல் நழுவிவிட்டார் என்றே போலீஸ் நினைத்தது.

"கம்பெனி என்ன சொல்லுது?" என்று கேட்டாள் சித்தி.

"எல்லா வீட்டு பில்லும் பாதியாகும்னு சொல்லுது. இவர் ஏறும்னு சொல்றார். லைசென்ஸ் கொடுத்துட்டா, டர்பைன் சுத்தினாலும் சுத்தாட்டியும் அதுக்குன்னு ஒரு நிலையான தொகை எல்லார் பில்லுலயும் ஏறிடுமாம். ஆத்துல தண்ணி ஓடினா லாபம். ஓடலைன்னா, வராத கரண்டுக்கு ஊரே வருஷக்கணக்கா காசு கட்டணும்."

"ஓடுதா?"

"கம்பெனி அளந்ததுல கோடையிலயும் ஓடுது. இவர்தான் நம்பலை."

"ஒருவேளை அவங்க நம்ப வெச்சிருப்பாங்க," என்றான் ரேடியோ. "கவனிக்க வேண்டிய விதத்துல கவனிச்சா, கணக்கு வாத்தியாரே கம்பி நீட்டி..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் கூட இல்லை அந்தப் பார்வையில். ரேடியோ தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"அவர் கணக்கு தப்பாது தம்பி. எங்க வீட்டையே கேளுங்க. மாசம் பிறந்தா நான், என் தம்பி, அவர் மூணு பேருக்கும் பந்தயம். இந்த மாசம் நம்ம வீட்டுக்கு எத்தனை யூனிட் ஓடும்னு ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லணும். தோத்தவங்க மாசம் பூரா பாத்திரம் கழுவணும். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் கையில பாத்திரம் பட்டதே இல்லை." கைபேசியை எடுத்து நீட்டினாள். மீட்டர் அளவு அதில் ஓடிக்கொண்டிருந்தது. "இதோ, இந்த மாசமும் அவர் சொன்ன கோட்டுலயே போகுது. மனுஷன் எங்க கிடக்கிறாரோ, கணக்கு மட்டும் அசையலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தி கைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வீட்ல வெந்நீர்ல குளிக்கிறது யாரு?"

ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். ஆளைக் காணோம் என்று ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், சித்தி குளியலறைக்குள் போய்விட்டாள்.

"அவர்தான். எனக்குப் பச்சைத் தண்ணி ஊத்தினாதான் குளிச்ச மாதிரி இருக்கும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மா. வீட்ல வேற யாரு?"

"நாங்க ரெண்டே பேர். மாடில குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க, பூட்டிக் கிடக்கு. தம்பி பக்கத்துத் தெரு." சற்றுத் தயங்கினாள். "அந்தக் கம்பெனிலதான் இன்ஜினியர்."

"அடேங்கப்பா. ஒரே வீட்டுல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி," என்றான் ரேடியோ.

"அவர் போறதுக்கு முன்னாடி புதுசா ஏதாவது செஞ்சாரா?" சித்தி விடவில்லை.

"ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிட்டு வந்தார். எங்க வீட்ல யாரும் ஆரஞ்சு தொட மாட்டோம், அவருக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. யாருக்குன்னு கேட்டேன். 'ஆத்துக்கு'ன்னார். கிண்டல் பண்றார்னு விட்டுட்டேன்."

சித்தி எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். சித்தி குடையை எடுத்துவிட்டால் கேஸை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

* * *

சித்தியின் கார் கிழக்கே போகச் சொன்னால் வடகிழக்கே யோசிக்கிற ரகம். மேட்டுச் சாலையில் அது மூச்சு வாங்கியபடி ஏறியது. பின்னால், ரொம்பவும் ஒட்டாமல் ரொம்பவும் விலகாமல், வெள்ளை ஜீப்.

"சித்தி, பின்னால மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வருது."

"வரட்டும். வண்டியை நிறுத்துறேன், இறங்கு. பழக் கடை."

"எதுக்கு?"

"ஆத்துக்கு," என்றாள் சித்தி.

நீர்மின் நிலையம் வரப்போகும் இடத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஆற்றை மட்டும் அடைக்க முடியாதே, அதனால் கரையோரமாக ஒரு ஒற்றையடிப் பாதை மிச்சமிருந்தது. சித்தி குடையை ஊன்றி முன்னால் நடந்தாள். ரேடியோ பழப் பையோடு பின்னால் போனான். ஒவ்வொரு வளைவிலும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். யாரும் தெரியவில்லை. தெரியாததுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

பாறைகளுக்கு நடுவே ஆறு அகலமாகி ஒரு மடுவாக நின்றது. தண்ணீரில் நட்டிருந்த கம்பத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட அளவுப் பலகை. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பதைப் பார்த்துத்தான் கம்பெனி தன் கணக்கைக் காட்டியிருந்தது. மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே பச்சையாகத் தளும்பியது தண்ணீர்.

"நல்லாத்தானே இருக்கு சித்தி? இந்தக் கோடையில எங்க தெருக் குழாய்க்குக் கூட இவ்வளவு வசதி இல்லை."

"ஒரு பழம் போடு."

போட்டான். ஆரஞ்சு தொபுக்கென்று விழுந்து, ஒரு முறை முழுகி, மேலே வந்து, நின்றது.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது நகர்கிற வழியாகத் தெரியவில்லை. கொஞ்சம் காற்று அடித்தது. பழம் மெல்லத் திரும்பி, அவர்கள் நின்ற கரைக்கே வந்து சேர்ந்தது.

"ராசியான பழம். போட்டவன்கிட்டயே வருது," என்றான் ரேடியோ. பிறகு குனிந்தவன் குரலைத் தாழ்த்தினான். "சித்தி... இங்க பாருங்க."

கரையோர நாணலுக்குள் வேறு ஆரஞ்சுகள் ஒதுங்கிக் கிடந்தன. தோல் கறுத்து, அணில் கடித்து, பாதி அழுகி. ஒரு பை நிறைய வரும்.

"அவர் போட்டது. எதுவுமே போகலை," என்றாள் சித்தி. "ஓடுற தண்ணியில மிதக்குற பொருளைப் போட்டு, அது எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பார்த்தா, ஆறு எவ்வளவு ஓடுதுன்னு கண்டுபிடிச்சிடலாம். பழைய வித்தை. ஆரஞ்சுதான் வசதி. பாதி முழுகும், காத்துக்கு அவ்வளவா ஓடாது, தூரத்துல இருந்தும் கண்ணுக்குத் தெரியும்."

"இங்க ஓடவே இல்லையே."

"தொட்டி நிறைய தண்ணி நிக்குது. அதை ஓடுதுன்னு சொல்லுவியா? பலகை உயரத்தைத்தான் காட்டும். ஓட்டத்தைக் காட்டாது."

மடுவின் கீழ்ப்பக்கம் பாறைகள் நெருங்கி வந்த இடத்தில் சித்தி குடையை நீருக்குள் விட்டுக் குத்தினாள். பாறைக்குக் கேட்க வேண்டிய 'டக்' கேட்கவில்லை. பொதபொதவென்று உள்ளே போனது. ரேடியோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு துழாவினான். சாக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கு. மணல் மூட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே வரிசையாக அடுக்கி, கரைக்குக் கரை ஆற்றை மறித்திருந்தார்கள். அதைத் தாண்டிக் கீழே பார்த்தால், சரியாக மூடாத குழாய் போல ஒரு நீர்க்கோடு கல்லுக்குக் கல் தடவிக்கொண்டு போனது. அவ்வளவுதான் ஆறு.

"இந்த ஆத்துல ஆரஞ்சே நகர மாட்டேங்குது," என்றான் ரேடியோ. "டர்பைன் எதை நம்பி சுத்தும்?"

"பழம் ஆத்துல போடுறதுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கம்பெனி முதலாளி. கால் வழுக்கும் இந்தச் சேற்றில் அவர் ஷூ மட்டும் எப்படிப் பளபளத்தது என்பது ரேடியோவுக்குப் புரியவில்லை. ரேடியோவின் பழப் பையிலிருந்து உரிமையோடு ஒரு ஆரஞ்சை எடுத்து, தோலை ஒரே சுருளாக, நிதானமாக உரித்தார்.

"அந்த அம்மா உங்ககிட்ட வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கும் தூக்கமே இல்லைங்க. நல்ல மனுஷன். இந்தப் பக்கம் பாதையெல்லாம் மோசம். எங்கயாவது வழுக்கி விழுந்திருப்பாரோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது."

"வழுக்குற இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியும் போல," என்றாள் சித்தி.

அவர் சிரித்தார். "கண்டுபிடிச்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க. முதல்ல."

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோல் சுருள் சித்தியின் காலடியில் கிடந்தது.

ரேடியோ முந்திக்கொண்டு காருக்கு ஓடினான். கதவைச் சாத்தியதும் உடைத்துக்கொண்டு வந்தது. "சித்தி, அவன்தான். தூக்கிட்டான். மலையில எங்கயோ..."

"அவன் கையில ஆள் இல்லைடா. இருந்தா நம்ம பின்னால ஏன் சுத்துறான்? நாம எதையாவது கண்டுபிடிப்போம்னு நம்மளை விட அவன்தான் ஆசையா இருக்கான்." சித்தி சாவியைத் திருப்பினாள். கார் இருமியது. "மருந்துக்கடைக்காரி வீட்டுக்குப் போறோம். சீக்கிரம்."

"அங்க என்ன இருக்கு?"

"வெந்நீர்."

* * *

வீடு தெருக்கோடியில் இருந்தது. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், பக்கவாட்டில் படிக்கட்டு. மேல் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. மருந்துக்கடைக்காரி கதவைத் திறந்ததும் அவள் கண்கள் முதலில் தெருவைத்தான் பார்த்தன.

சித்தி உள்ளே போகவில்லை. வாசல் சுவரில் மேலுக்கும் கீழுக்கும் பொதுவாக இருந்த ஒரே மீட்டர் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். கரண்ட் ஓடுகிற வேகத்துக்கு ஏற்றபடி சிமிட்டும் சின்னச் சிவப்பு விளக்கு அதில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"வீட்ல இப்ப என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்லை. ஃபேன் மட்டும்தான்."

"ஃபேனுக்கு இப்படித் துடிக்காதும்மா. இது ஹீட்டர்."

மருந்துக்கடைக்காரியின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"உங்க வீட்டுக்காரர் மாசப் பிறப்புல நம்பர் சொன்னப்போ, தானும் வீட்ல இருக்கிறதா வெச்சுத்தானே சொன்னார்?" என்றாள் சித்தி மெதுவாக. "அஞ்சு நாளா ஆள் இல்லை. அவரோட வெந்நீர் இல்லை, அவர் ஃபேன் இல்லை, அவர் விளக்கு இல்லை. மீட்டர் கொஞ்சமாவது இளைச்சிருக்கணும். ஆனா அவர் போட்ட கோட்டுலயே போகுதுன்னு நீங்களே பெருமையாக் காட்டினீங்க. அவர் இல்லாத வீட்டுக்கு, அவர் இருக்கிற கணக்கு எப்படிப் பொருந்தும்?"

பதில் பக்கவாட்டுப் படியில் இறங்கி வந்தது. பின்பக்க ஜன்னல் வழியாக வந்திருக்க வேண்டும். தோளில் துண்டு, ஈரத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, முழங்கையில் பெரிய கட்டு.

"கோடைன்னாலும் எனக்கு வெந்நீர்தான் பழக்கம்," என்றார் கணிப்பாளர், தப்புச் செய்து பிடிபட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல. "பச்சைத் தண்ணி ஊத்திக்கவே முடியலை."

ரேடியோவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "உயிருக்குப் பயந்து ஒளிஞ்சவர் வெந்நீருக்குப் பயந்திருக்கக் கூடாதா சார்?"

"என்னை மன்னிச்சிடுங்க," மருந்துக்கடைக்காரி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ஆத்துல இருந்து திரும்பும்போது பாலத்து மேல அந்த ஜீப் இவர் வண்டியை இடிச்சுத் தள்ளிடுச்சு. கைப்பிடிச் சுவர் மட்டும் இல்லைன்னா... கூட்டம் வரைக்கும் ஒளிச்சு வெச்சா போதும்னு நினைச்சேன். நான் பதறித் தேடுறதை அவங்க பார்க்கணும். அதோட, உங்களாலயே கண்டுபிடிக்க முடியலைன்னா வேற யாராலயும் முடியாதுன்னு ஒரு தைரியம் வருமே."

"நல்ல யோசனைதான். அதுக்குத்தான் ஆரஞ்சைச் சொல்லி எங்களை ஆத்துப் பக்கம் அனுப்பினீங்க. உண்மையைச் சொன்னா நம்பிப் போயிடுவோம்னு தெரிஞ்சிருக்கு." சித்தி தெருவைப் பார்த்தாள். "ஆனா பந்தயம் மூணு பேருக்குன்னு சொன்னீங்களே. இந்த மாசம் அவர் என்ன நம்பர் சொன்னார்னு தெரிஞ்ச மூணாவது ஆள் யாரு?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி," என்றாள் அவள். "அவன் போன்லயும் மீட்டர் தெரியும். மீட்டரை எங்க போன்ல தெரியுற மாதிரி இணைச்சுக் கொடுத்ததே அவன்தான்."

அந்தச் சமயம் பார்த்து கேட் கிரீச்சிட்டது.

கம்பெனிச் சின்னம் போட்ட சட்டை. வெளியே கம்பெனி வேன். தாடி மழிக்காத, தூங்காத முகம். தம்பி அத்தானைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ரேடியோ தன்னை அறியாமல் பழப் பையை உயர்த்திக்கொண்டான். அடிப்பதற்கு அதைவிட நல்ல ஆயுதம் கைவசம் இல்லை.

"புதன்கிழமையே தெரியும் அத்தான்," என்றான் தம்பி. "அக்கா என்னைக்கு வெந்நீர்ல குளிச்சிருக்கா?"

"சொல்லிட்டியாடா அவன்கிட்ட?" என்று கேட்டாள் அக்கா.

"சொல்லியிருந்தா புதன்கிழமையே வந்திருப்பான். இப்பவும் தெருமுனையிலதான் நிக்கிறான், இவங்க காரைத் தொடர்ந்து வந்து." தம்பி மூச்சு விடாமல் பேசினான். "அது இல்லை விஷயம். கூட்டம் நாளைக்கு இல்லை. இன்னைக்கு. அதிகாரிக்கு நாளைக்கு வேற ஊர்ல வேலையாம், மாத்தியாச்சு. நோட்டீஸை, கூட்டம் நடக்குற ஆபீஸ் பின்வாசல்ல ஒட்டியிருக்காங்க, பூனை கூடப் படிக்காது. எனக்கே இப்பத்தான் தெரியும். எதிர்த்துப் பேச ஆள் இல்லைன்னா இன்னைக்கே கையெழுத்து ஆயிடும். அரை மணி நேரம் இருந்தா அதிகம்."

யார் யாரை நம்பலாம் என்று யோசிக்க நேரம் இல்லை. சித்தி தம்பியின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். இன்ஷூரன்ஸில் ஆயிரம் முகம் பார்த்த கண்.

"வேன்ல என்ன இருக்கு?"

"தார்ப்பாய், குழாய்."

"சார், தார்ப்பாய்க்கு அடியில படுங்க. நீங்களும் முன்னால ஏறுங்கம்மா, தம்பி வண்டியில அக்கா போறதுல யாருக்கும் சந்தேகம் வராது." ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ போய் அந்த ஆளோட பேசு."

"என்ன பேசுறது?"

"என்னைக்குடா நீ அதைக் கேட்டுட்டுப் பேசியிருக்க?"

தெருமுனைக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில் ரேடியோ மூன்று பொய்களை யோசித்து மூன்றையும் கைவிட்டான். ஜீப், தெருவை அடைத்தாற்போல் நின்றது. முன் இருக்கையில் முதலாளி. ரேடியோ ஜன்னல் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி, முகத்தை உள்ளேயே நீட்டிவிட்டான்.

"சார், கண்டுபிடிச்சுட்டோம்! முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு சொன்னீங்களா, ஓடி வந்துட்டேன். சித்திக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா, ஆரஞ்சு மாதிரி. ஆளு ரயில்ல போயிட்டாரு சார். எந்த ரயில்? அதுலதான் ஒரு சிக்கல். டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கிறவருக்கு ஞாபகம் இருக்கு, ஆனா அவருக்கு இடது காது கேக்காது. வலது பக்கம் போய்க் கேட்டா கூட்டம்..."

பின்னாலிருந்து வேன் ஹாரன் அடித்தது. வழி இல்லை. முதலாளி எரிச்சலோடு தன் கம்பெனி வேனைப் பார்த்தார், உள்ளே தன் இன்ஜினியரையும் அழுது வீங்கிய அவன் அக்காவையும் பார்த்தார், டிரைவரிடம் கையை ஆட்டினார். ஜீப் பின்னால் நகர்ந்து வழி விட்டது. வேன் தாண்டிப் போனது.

"...கூட்டத்துல ஒரு அம்மா குழந்தையோட இருந்தாங்க சார், அந்தக் குழந்தைக்கு..."

"எந்த ரயில்னு சொல்லித் தொலை!"

"தெற்கே போற ரயில் சார். சத்தியமா."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஆபீஸுக்கு விடு," என்றார் டிரைவரிடம்.

"நானும் அந்தப் பக்கம்தான் சார், இறக்கி விடுறீங்களா?" என்று கேட்டான் ரேடியோ. வாய் கேட்ட பிறகுதான் மூளைக்கு விஷயம் போனது. ஆனால் அதற்குள் ஏறிவிட்டான்.

* * *

கூட்டம் நடந்த அறையில் பாதி நாற்காலி காலி. உரிமம் கொடுக்கும் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி உள்ளே நுழைந்தபோது மைக்கின் முன்னால் ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். தலை இன்னும் சரியாகக் காயவில்லை. சட்டையெல்லாம் தார்ப்பாய்த் தூசி.

முதலாளி ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். ரேடியோ சுவரில் ஒட்டியிருந்த எதையோ வெகு கவனமாகப் படித்தான்.

"அளவுப் பலகையில தண்ணி இருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை," என்றார் கணிப்பாளர். "ஆனா அது நிக்கிற தண்ணி. கீழ்ப்பக்கம் மணல் மூட்டை போட்டு மறிச்சிருக்கு. அதை எடுத்துட்டா, கோடையில இந்த ஆறு ஒரு விளக்கைக் கூட எரிய விடாது. ஆனா நிலைக் கட்டணம் மட்டும் ஒவ்வொரு வீட்டு பில்லுலயும், லைசென்ஸ் முடியுற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒத்தை ஃபேன் ஓடுற வீட்டுக்கும் அதே தொகைதான்."

"நானும் பார்த்தேன். என் குடையும் பார்த்துச்சு," என்றாள் சித்தி எழுந்து நின்று.

அதிகாரி நிமிர்ந்தார். "மூட்டையை வெச்சது யாரு?"

கணிப்பாளர் மைக்கைப் பார்த்தார். முன் வரிசையில் மனைவியையும், அவள் பக்கத்தில் தலையைக் குனிந்திருந்த மச்சானையும் பார்த்தார். முதல் முறையாக அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

"தெரியாதுங்க."

அவருக்குத் தெரியும். அது ரேடியோவுக்கே தெரிந்தது. வீட்டு மீட்டரைக் கூட ஒரு யூனிட் தப்பாகச் சொல்லாத மனுஷன், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டி, ஊர் முன்னால் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி அதற்காகவே காத்திருந்தவர் போல முன்னே வந்தார். "துணி துவைக்கிறவங்க யாராவது வெச்சிருப்பாங்க ஐயா. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அளந்தது எங்க இன்ஜினியர். இதோ இருக்கார், கேட்டுக்கோங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். ரேடியோவுக்கு வாய் பரபரத்தது. எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

தம்பி எழுந்தான்.

அக்கா அவன் சட்டை நுனியைப் பிடித்துவிட்டாள். அது யாருக்கும் தெரியக் கூடாது என்று கையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். அவன் திரும்பவில்லை. அவள் ஒரு முறை இழுத்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் மைக்கின் முன்னால், 'வேண்டாம்' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், யாருக்கு என்று தெரியாமல். அவள் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"நான்தான் வெச்சேன் ஐயா," என்றான் தம்பி. "என் கையாலயே அடுக்கினேன். யார் சொல்லி அடுக்கினேன்னும் சொல்றேன். பாலத்து மேல ஜீப்பை ஓட்டினது யாருன்னும் சொல்றேன். எழுதிக்கோங்க."

எல்லா நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பேசின. அதிகாரி பேனாவை மூடிவிட்டார். உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது, மூட்டைகளை அகற்றிவிட்டு எல்லார் முன்னிலையிலும் ஆற்றை மறுபடி அளக்க வேண்டும், இன்ஜினியரின் வாக்குமூலம் போலீஸுக்குப் போகும், இன்ஜினியரும் போக வேண்டியிருக்கும். இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி வாசலுக்கு நடந்தார். வாசலில் சித்தி குடையைக் குறுக்கே வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், அவளே போன் போட்டு வரவழைத்த இன்ஸ்பெக்டர், சிரிக்காத முகத்தோடு.

தம்பி உட்கார்ந்தான். கணிப்பாளர் வந்து அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மூன்று பேரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேனே மச்சான்," என்றார் அவர்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை அத்தான். ரொம்ப அசிங்கமா இருந்துச்சு."

"வேலை போச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"வேலை மட்டும்னா பரவாயில்லை."

"புதன்கிழமையே தெரியும்னா புதன்கிழமையே வந்து சொல்லியிருக்கலாம் இல்லை? அஞ்சு நாளா ஒருத்தரை மாடியில ஒளிச்சு வெச்சு, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டு நான் மட்டும் ஏறி இறங்கி, நீயும் எதிர்ல நின்னா என்ன செய்யப் போறேன்னு..." தம்பியின் முதுகில் பலமாக ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.